இடம் கொடுத்தவர்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. கிளம்ப மனமில்லாத விருந்தாளியைக் கிளப்பச் சொன்னது என்றுதான் பலரும் நினைக்கிறோம். எனக்கென்னவோ அது வீட்டுக்காரர்களின் சக்தியை அளந்து சொன்ன பேச்சாகவே படுகிறது. கறியும் கூட்டும் அப்பளமும் மூன்று நாள் தாங்கும். புதுத் தலையணை உறையும், சண்டையை அடக்கிக்கொண்டு சிரிக்கும் முகமும் அதே மூன்று நாள்தான். நாலாம் நாள் காலையில் பழைய குழம்பைச் சுட வைத்தே ஆக வேண்டும். வந்தவர் எப்படிப்பட்டவர், இருந்தவர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியவரும்.

என் அக்கா மகளும் மாப்பிள்ளையும் அண்மையில் ஆஸ்திரேலியா போனார்கள். திருச்சியில் ஏறி, சிங்கப்பூரில் மாறி, சிட்னியில் இறங்கினார்கள். சூட்கேஸ் கிடையாது, ஆளுக்கொரு முதுகுப் பை. பெரம்பலூர், அரியலூர் பக்கத்திலிருந்து வெளிநாடு போனவர்கள் எனக்குப் பழக்கம். பெட்டியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மேலே பெயரும் ஊரும் பெரிதாக எழுதி, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனவர்கள். இது ஊர் பார்க்கப் போகும் தலைமுறை. 18 முதல் 30 வயது வரையுள்ள இந்தியர்களில் வருடத்துக்கு 1,000 பேருக்கு, வேலையும் பார்த்துக்கொண்டு ஊரும் சுற்றும் விசாவை ஆஸ்திரேலியா 2024 முதல் குலுக்கல் முறையில் கொடுக்கிறது. இவர்கள் அந்த வழியில் போகவில்லை. சாதாரணச் சுற்றுலா விசாவில், கல்லூரித் தோழன் வீட்டுக்குப் போனார்கள்.

அக்கா ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம் கட்டியிருந்தாள். தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டம் பெரம்பலூர். அறுத்த வெங்காயத்தை வயலோரம் பட்டறை போட்டு வைத்துவிட்டு, விலை ஏறுமா என்று மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர். எங்கே போனாலும் கையில் இரண்டு கிலோ எடுத்துப் போவது எங்கள் மரியாதை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் பயணிகள் பச்சைக் காய்கறி கொண்டுபோக முடியாது. விதைக்கும் ஆயிரம் கெடுபிடி. மறைத்துப் பிடிபட்டால் அபராதம். வெங்காயப் பை விமான நிலைய வாசலிலேயே அக்கா கைக்குத் திரும்பியது. “வெறுங்கையோடவா ஒருத்தர் வீட்டுக்குப் போறது?” என்று அவள் முனகிக்கொண்டே இருந்தாள். அவள் கேட்டதும் நியாயம்தான். பையில் ஒன்றும் இல்லாமல் போகிற விருந்தாளி அந்த வீட்டுக்கு என்னதான் கொண்டுபோகிறார்?

தோழன் வீடு மேற்குச் சிட்னியில், பாரமட்டாவுக்குப் பக்கம். வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று ரயிலடிகளில் தமிழ்ப் பேச்சு காதில் விழும் பகுதி அது. தோழன் மூன்று நாள் லீவு போட்டிருந்தான். தங்கள் படுக்கையறையை இவர்களுக்குக் கொடுத்துவிட்டு அவனும் மனைவியும் மகளும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். துறைமுகப் பாலம், ஓபரா ஹவுஸ், நீல மலைகள், இரவானால் பிரியாணி. சிட்னி நம் நேரத்துக்குக் குறைந்தது நாலரை மணி முந்தி ஓடும் ஊர். அங்கே நள்ளிரவு தாண்டும்போதுதான் இவர்கள் வயிற்றுக்குச் சாப்பாட்டு நேரம். பசி எடுக்கும், பிரிட்ஜைத் திறக்கக் கூச்சம். “தண்ணி குடிக்கக்கூடக் கேட்டுட்டுத்தான் குடிச்சேன் மாமா” என்றாள் போனில்.

நாலாம் நாள் தோழன் வேலைக்குக் கிளம்பிவிட்டான். அன்று மாலை குப்பைத் தொட்டிகளைத் தெருவோரம் தள்ளி வைக்க வேண்டும். சிவப்பு மூடி, மஞ்சள் மூடி, பச்சை மூடி என்று வீட்டுக்கு மூன்று தொட்டி. எந்த வாரம் எது என்று ஒரு கணக்கு உண்டு. மாப்பிள்ளை அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தள்ளி வைத்துவிட்டு வந்தார். இவள் அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். அன்றிரவுதான் தோழனின் மனைவி வேலையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளாம். வீட்டுக் கடனைப் பற்றிச் சொன்னாள். ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவைப் போய்ப் பார்க்க முடியாததைச் சொன்னாள். மூன்று நாள் சிரித்துக்கொண்டே பரிமாறியவள் அன்றைக்கு அழுதுவிட்டாள். “அதுக்கப்புறம் பிரிட்ஜைத் திறக்க நான் யாரையும் கேக்கல மாமா.”

வீட்டின் இனிப்பை முதல் மூன்று நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். வீட்டின் கஷ்டத்தை ஒருவர் காதில் போடுகிறார்கள் என்றால், அதற்கு மேல் அவர் வேற்றாள் கிடையாது. போகிறவர் கொண்டுபோக வேண்டியது அந்தக் காதைத்தான்.

அதே வாரம் தோழனின் மகள் படிக்கும் பள்ளியில் காலைக் கூட்டம். இவர்களும் போய்ப் பின்னால் நின்றார்கள். ஒரு சிறுமி மைக் முன்னால் வந்து, நாம் நிற்கும் இந்த மண் தாருக் மக்களுடையது, அவர்களின் மூத்தோருக்கு எங்கள் வணக்கம் என்ற பொருள்பட ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். பிறகுதான் மற்றதெல்லாம். பள்ளியில், அலுவலகக் கூட்டத்தில், மாநாட்டில் எங்கும் இப்படித் தொடங்குவது அங்கே இப்போது வழக்கம். ஒரு நாளைக்குப் பத்து இடத்தில் கேட்பதால் பலர் காதில் வாங்குவதே இல்லை என்றும் தோழன் சொல்லியிருக்கிறான். “நம்ம சிறுவாச்சூர் மாதிரியே இல்ல மாமா?” என்று இவள் கேட்டாள். எனக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் சாலையில், பஸ் ஏறிய சற்று நேரத்தில் வருவது சிறுவாச்சூர். அங்குள்ள மதுரகாளியம்மன் கோயில், விசேஷ நாள்களை விட்டால், திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். ஊறவைத்த அரிசியை அங்கேயே இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவே குழித்து நெய்விட்டு மாவிளக்குப் போடும் பெண்கள் அந்த இரண்டு நாளும் நிறைந்திருப்பார்கள். மற்ற நாள்களில் அம்மன் பெரியசாமி மலையில் செல்லியம்மனோடு இருக்கிறாள் என்பது நம்பிக்கை. தீபாராதனையை முதலில் அந்த மலையை நோக்கிக் காட்டிவிட்டுத்தான் மதுரகாளிக்குக் காட்டுவார்கள்.

காரணத்தை ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். சிறுவாச்சூர் முதலில் செல்லியம்மனின் இடம். மந்திரவாதி ஒருவன் தன் மந்திர பலத்தால் அவளைக் கட்டிப்போட்டு ஆட்டிவைத்துக்கொண்டிருந்தான். மதுரையிலிருந்து சினத்தோடு நடந்து வந்த காளி, ஓரிரவு தங்க இடம் கேட்டாள். அந்தக் காளி கண்ணகியேதான் என்று சொல்வாரும் உண்டு. செல்லியம்மன் தன் நிலைமையைச் சொன்னாள். வந்தவள் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டு மந்திரவாதியை ஒழித்தாள். செல்லியம்மன், நீயே இங்கே இரு, நான் மலைக்குப் போகிறேன், எனக்கு முதல் மரியாதை கொடுத்தால் போதும் என்று எழுந்து போனாள். ஓரிரவு கேட்டு வந்தவள் வீட்டுக்காரியானாள்.

எத்தனையோ முறை கேட்ட கதை. கோயிலுக்குள் இருப்பவளின் வீரத்தைச் சொல்லவே எல்லோரும் அதைச் சொல்கிறோம். எனக்கு இப்போது அதில் பெரிதாகத் தெரிவது இரண்டு பெண்களின் நாகரிகம். ஒருத்தி வந்தவளிடம் தன் கஷ்டத்தை மறைக்காமல் சொன்னாள். மற்றவள் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா படுத்துத் தூங்கவில்லை. ஒருத்தி இடத்தை விட்டுக்கொடுத்தாள். மற்றவள், கோயிலும் கூட்டமும் பேரும் புகழும் தனக்கென்று ஆன பின்னும், இது எனக்கு ஒருத்தி கொடுத்த இடம் என்பதை வாரம் இரண்டு முறை ஊரறிய ஒப்புக்கொள்கிறாள்.

சிட்னிப் பள்ளிச் சிறுமி வாசித்ததும் மலைக்குக் காட்டும் தீபம் போன்றதுதான். ஆனால் தீபத்துக்கு முன்னால் நடக்க வேண்டியது அங்கே நடக்கவில்லை. 1788-இல் கப்பலில் வந்திறங்கியவர்கள் ஓரிரவு தங்கட்டுமா என்று யாரையும் கேட்கவில்லை. 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்துவந்த கண்டத்தை, யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று சட்டமாக்கிக்கொண்டார்கள். டோரஸ் நீரிணைத் தீவுக்காரரான எடி மாபோவும் அவர் கூட்டாளிகளும் தொடுத்த வழக்கில், 1992 ஜூன் 3 அன்றுதான் அந்நாட்டின் தலைமை நீதிமன்றம் அதைத் தவறென்றது. தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. அந்த மக்களின் குரல் நாடாளுமன்றத்தில் ஒலிக்க அரசியல் சட்டத்தில் ஓர் அமைப்பு வேண்டுமா என்று 2023 அக்டோபர் 14 அன்று நாடே வாக்களித்தபோது, பத்தில் ஆறு பேர் வேண்டாம் என்றார்கள். வணக்கம் சொல்ல நாக்கு போதும். கஷ்டத்தில் பங்கெடுக்க அது போதாது.

முதுகுப் பையோடு போகிறவர்களின் பட்டியலில் தவறாமல் இருப்பது உலுரு, கண்டத்தின் நடுவே எழுந்து நிற்கும் செம்பாறை மலை. அனாங்கு மக்களுக்கு அது புனிதம். 1985 அக்டோபர் 26 அன்று அரசு அதை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. தயவுசெய்து ஏறாதீர்கள் என்று அவர்கள் அடிவாரத்தில் பல மொழிகளில் எழுதி வைத்தார்கள், தடுக்கவில்லை. வந்தவர்களில் பலர் அதைப் படித்துவிட்டே ஏறினார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26 முதல் ஏறுவதே தடை செய்யப்பட்டது. தடை வருகிறது என்று தெரிந்ததும் ஏறிவிட வேண்டுமென்று மலையடியில் நீண்ட வரிசை நின்றது. கேட்டுக்கொண்டால் கேட்காதவர்களைத் தடுத்துத்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அதே நாட்டில் இன்னொன்றும் நடந்தது. குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயெலா என்றொரு சிற்றூர். படகில் தஞ்சம் தேடி வந்த ஓர் ஈழத்தமிழ்த் தம்பதி அங்கே குடியிருந்தார்கள். கணவருக்கு இறைச்சி ஆலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள் அங்கேயே பிறந்தன. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, விசா முடிந்துவிட்டது என்று அதிகாரிகள் வந்து குடும்பத்தையே அழைத்துப் போனார்கள். மெல்போர்னில் காவல், பிறகு கிறிஸ்துமஸ் தீவில் காவல். பிலோயெலாக்காரர்கள் விடவில்லை. இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், திருப்பிக் கொடுங்கள் என்று நாலு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது. ஆகஸ்டில் நிரந்தர விசாவும் வந்தது. சிறுவாச்சூரில் வந்தவள் இருந்தவளை மீட்டாள். பிலோயெலாவில் இருந்தவர்கள் வந்தவர்களை மீட்டார்கள். ஒருவர் கஷ்டத்தை இன்னொருவர் சுமந்த பிறகு, யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை.

இதற்கெல்லாம் ஒரு சாமர்த்தியமான பதில் உண்டு: யார்தான் வந்தேறி இல்லை? அந்தப் பதிலுக்கு அரியலூர், பெரம்பலூர் பக்கத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது. காரை கிராமத்து ஓடைகளின் செம்மண்ணில் கடல் உயிர்களின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்க்டிகாவும் கோண்டுவானா என்று ஒரே நிலமாக இருந்தவை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரியத் தொடங்கின. இடையில் திறந்த கடல் இந்தப் பக்கம் ஏறியும் வடிந்தும் கோடிக்கணக்கான ஆண்டுகள் குடியிருந்துவிட்டுப் போயிற்று. அது விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் அரியலூரின் சிமெண்ட் ஆலைகள் இன்று அரைக்கின்றன. அப்படிப் பார்த்தால் செல்லியம்மனுக்கு முன்னால் கடல், கடலுக்கு முன்னால் வேறொன்று.

உண்மைதான். ஆனால் இந்த உண்மையை யார், எப்போது எடுக்கிறார்கள் என்று பாருங்கள். கடனைத் திருப்பிக் கேட்கும்போதுதான், காசு யாருக்கு நிலைத்தது என்ற தத்துவம் பலருக்கு நினைவு வருகிறது. உலகத்தின் முதல் சொந்தக்காரர் யார் என்று மதுரகாளி ஆராயவில்லை. தனக்கு இடம் கொடுத்தவள் யார் என்பது அவளுக்குத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அரியலூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் ஓட்டல் அடுப்படிகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் இன்று நிறைய. அவர்களுக்கும் ஒரு முதுகுப் பைதான். நம்மில் பலருக்கு அவர்கள் பெயர் தெரியாது. ‘வடக்கன்’ என்ற ஒரே பெயரில் முடித்துவிடுகிறோம். அவர்களுக்கு மூன்று நாள் விருந்து கிடையாது. வந்திறங்கிய அன்றே நாலாம் நாள் தொடங்கிவிடுகிறது, குப்பைத் தொட்டியிலிருந்து. நம் வீட்டு வேலையின் பாரத்தை அவர்கள் சுமக்கிறார்கள். அவர்கள் வீட்டுக் கஷ்டம் என்ன என்று கேட்க நம்மிடம் பொதுவாய் ஒரு மொழிகூட இல்லை. நம் பிள்ளைகளுக்குச் சிட்னியில் ஒருவர் தன் படுக்கையறையை விட்டுக்கொடுத்தார் என்று பெருமையோடு சொல்கிறோம். நாம் விட்டுக்கொடுத்தது எது என்ற கேள்வி வந்தால் பேச்சை மாற்றிக்கொள்கிறோம்.

பட்டாவும் விசாவும் ஓரிடத்தில் இருக்கும் உரிமையைத் தரும். அந்த இடத்துக்காரர் ஆவதற்கு அவை போதாது. இருந்தவரின் பாரத்தில் ஒரு கை கொடுக்க வேண்டும், வந்தவருக்கு ஒரு சாண் நகர்ந்து இடம்விட வேண்டும், நமக்கு இடம்விட்டவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும். இந்த மூன்றையும் செய்கிறவருக்கு எந்த ஊரும் சொந்த ஊர். செய்யாதவர் ஏழு தலைமுறையாகக் குடியிருந்தாலும் அந்த ஊரில் வெறுமனே தங்கியிருப்பவர்தான்.