முயற்சியும் வேட்கையும்

முயற்சி வேறு, வேட்கை வேறு என்று நம் தம்மம் கூறுகின்றது. முன்னது எண்வழியுள் ஒன்றாகிய நல்முயற்சி. பின்னது துக்கத்தின் தோற்றுவாய். ஏட்டில் படிக்குங்கால் இவ்விரண்டும் பகலும் இரவும்போல் தெளிவாகவே விளங்குகின்றன. ஒரு மனிதன் நம் முன்னே வந்து நின்று, "ஐயா, என்னுள் இருப்பது இவற்றுள் எது?" என்று வினவும்போதுதான் நம் படிப்பின் ஆழம் நமக்கே புலனாகின்றது.

அவ்வாறு என்னை வினவியவர் பெங்களூரில் கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் இளைஞர். பௌர்ணமிதோறும் தாயாரை விகாரைக்கு அழைத்து வருபவர். அவர் பயின்று வந்தது டிரையத்லான் என்னும் போட்டி. முதலில் நீந்த வேண்டும். கரையேறிய ஈரம் உலருமுன் சைக்கிள் ஏற வேண்டும். இறங்கியவுடன் ஓட வேண்டும். இவற்றுள் நெடியதாகிய அயர்ன்மேன் போட்டி, 1978 பிப்ரவரி 18ஆம் நாள் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓவாஹுவில் தொடங்கியது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், 42.2 கிலோமீட்டர் ஓட்டம். புறப்பட்டோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். முதலில் வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 வினாடி பிடித்தது. இன்றோ பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இதில் ஈடுபடுகின்றனர். அவருட் பெரும்பாலோர் விளையாட்டால் பிழைப்பவர் அல்லர். அலுவலகமும் குடும்பமும் உடையவர்.

நம் இளைஞர் பயின்றது இதில் சரிபாதித் தூரம்: 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். 2019 முதல் கோவாவில் இப்போட்டி நடைபெறுகின்றது. அப்போது வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் முன்னே வந்தோருக்கு உலகப் போட்டியில் இடம் அளித்து வந்தார்கள். அந்த இடம் ஒன்றே அவர் நாட்டம். விடியற்காலை 4 மணிக்கு எழுவார். ஞாயிறுதோறும் நந்தி மலைச் சாலையில் சைக்கிள் மிதிப்பார். கடலில்லா ஊரில் குளத்துநீரில் கடலைக் கற்பனை செய்து நீந்துவார். உண்பதை நிறுப்பார், உறங்குவதை அளப்பார்.

2023இன் தொடக்கத்தில் அவர் என்னிடம் வந்து, "இது தண்ஹாவா ஐயா?" என்று கேட்டார். நான் சிறிதும் எண்ணிப் பாராமல், "ஐயமென்ன தம்பி? வேட்கைதான். விட்டுவிடு" என்றேன். அவர் வணங்கிச் சென்றார். அடுத்த மூன்று பௌர்ணமிக்கும் வரவில்லை. தனியே வந்த தாயாரை விசாரித்தேன். "ஓட்டத்தை விடவில்லை, இங்கு வருவதைத்தான் விட்டுவிட்டான்" என்றார். என் விடை அவரை வேட்கையினின்று பிரிக்கவில்லை, தம்மத்தினின்று பிரித்துவிட்டது. பிரசங்கம் செய்வோனுக்கு இதனினும் பெரிய தோல்வி யாது?

அதன் பின்னரே நூல்களை மீண்டும் புரட்டினேன். வீரியம் பத்துப் பாரமிதைகளுள் ஒன்றன்றோ? உழைப்பைப் பகவன் எங்கே பழித்தார்? சம்பா நகரத்துச் செல்வர் மகன் சோணர் துறவு பூண்டு, இராஜகிருகத்துச் சீதவனத்தில் பாதம் பிளந்து குருதி கசிய நடந்து நடந்து தியானம் பயின்றார். பயன் கிட்டாமையால் மனந்தளர்ந்து, இல்லறத்துக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணினார். பகவன் அவர்பால் வந்து, அவர் முன்பு வாசித்த வீணையை நினைவூட்டினார். நரம்பை அளவுக்கு மேல் முறுக்கினாலும் இசையில்லை, தளர்த்தினாலும் இசையில்லை. இக்கதை நம்மவர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவர் சோணரை முயலாதே என்று தடுத்தாரில்லை, சமனுற முயலுமாறு கூறினார் என்பதை நான் அன்றுவரை அழுத்தி நினைத்ததில்லை.

வீணை வாசித்தறியேன், நூல் நூற்றறிவேன். ரிங் பிரேமில் டிராவலர் என்னும் சிறு கம்பி வளையம் ஒன்று உண்டு. அது கனமானால் இழை அறும். இலேசானால் நூல் பருத்துச் சுழன்று உரசிக் கெடும். நூலின் நம்பருக்குத் தக்க எடையில் அதைப் போடுவதே மேஸ்திரியின் கெட்டிக்காரத்தனம். இவ்விளையாட்டின் பயிற்சியும் அவ்வாறே என்பதைப் பின்னர் அறிந்தேன். பயிற்சியின் பெரும்பகுதி, உடன் வருவோருடன் பேசிக்கொண்டே செல்லும் அளவுக்கு மெதுவாக நடைபெற வேண்டுமாம். நாள்தோறும் முழு வேகத்தில் ஓடுபவன் வலிவு பெறான்; நோயே பெறுவான். உடல் உரம் பெறுவது ஓடும்போதன்று, ஓடியபின் ஓயும்போது. தண்ணீரிலும் அளவு உண்டு. தாகத்துக்கு அஞ்சி மிகுதியாகக் குடித்தால் இரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து உயிருக்கே கேடு வரும். ஆறாண்டுக் கடுந்தவத்தில் உடலை வாட்டி, அவ்வழி பயனற்றதென்று விட்டொழித்த பகவன் இதைக் கேட்டால் புன்னகை புரிந்திருப்பார்.

ஆசையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கோசம்பியின் கோசிதாராமத்தில் உண்ணாபர் என்னும் அந்தணர் ஆனந்தரை மடக்கினார்: ஆசையை ஒழிக்க வேண்டும் என்பதும் ஓர் ஆசையன்றோ, ஆசையால் ஆசை ஒழியுமோ என்று. ஆனந்தர் அவரையே சான்றாக்கினார். இப்பூங்காவுக்கு வரவேண்டும் என்ற ஆசை உமக்கு இருந்தது. வந்து சேர்ந்தபின் அவ்வாசை அடங்கிற்றன்றோ என வினவினார். அவ்வளவே. இதை உரைகல்லாகக் கொண்டால், போய்ச் சேர்ந்ததும் அடங்கும் ஆசை ஒரு வகை. போய்ச் சேர்ந்த இடத்திலிருந்தே அடுத்த ஊருக்கு வழி கேட்கும் ஆசை வேறொரு வகை. நம் இளைஞரின் ஆசை எவ்வகை? இவ்வினாவோடு அவருக்காகக் காத்திருந்தேன்.

அவ்வாண்டு நவம்பரில் அவர் தாமாகவே வந்தார். அக்டோபரில் கோவாப் போட்டியை முடித்திருந்தார். தம் பிரிவில் இடங்கள் சிலவே. அவர் அவற்றைச் சற்றே தவறவிட்டு அடுத்தடுத்த நிலையில் இருந்தார். இங்கே ஒரு வழக்கத்தை விளக்கியாக வேண்டும். இடம் பெற்றவர் அதனை நேரில் வந்து ஏற்க வேண்டும். போட்டி முடிந்தபின் கூட்டத்தில் பெயர்களை வரிசையாக அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் வரவில்லையெனினும், வேண்டாமென்றாலும், அவ்விடம் அடுத்தவருக்கு இறங்கும். 2024 டிசம்பரில் நியூசிலாந்தின் டௌப்போ நகரில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்கான பெயர்கள் அன்று அழைக்கப்பட்டன. ஒருவர் வேண்டாமென்றார், இன்னொருவர் வரவில்லை. இளைஞருக்கு முன்னே ஒரே ஒரு பெயர் எஞ்சியது.

"அந்த மனிதரை எனக்குத் தெரியும் ஐயா. ஓட்டத்தில் பல கிலோமீட்டர் ஒன்றாக ஓடினோம். என் கால் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது, திரும்பிப் பார்த்து 'வா, வா' என்று கையசைத்தவர் அவர். அவர் பெயரை அழைத்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அவர் விமானத்துக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். வழியில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏதேனும் ஆகியிருக்க வேண்டும் என்று. இரண்டாம் முறை அழைத்தபோது பின்வரிசையிலிருந்து கையுயர்த்திக்கொண்டு வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். என் கை எழவில்லை."

இதைக் கூறிவிட்டு அவர் தலைகுனிந்து அமர்ந்திருந்தார். நானும் பேசவில்லை. அவர் நினைத்தது போல் அவர் செய்கையைக் கண்டு திகைத்து அன்று. அம்மண்டபத்தில் நானும் நின்றிருக்கின்றேன்.

என் இருபதாம் வயதில் நான் ஆலையில் பதிலி. நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் பதிலிக்கு வேலை. முதல் ஷிப்டின் சங்கு ஊதுமுன்னரே முப்பது நாற்பது பேர் வாயிலில் கூடியிருப்போம். யார் வந்தார், யார் வரவில்லை என்று ஒவ்வொரு முகமாக எண்ணுவோம். என் வரிசைக்குரிய பகுதியில் பெரியவர் ஒருவர் இருந்தார். பஞ்சுத்தூசியால் இருமல் பற்றியவர். தொலைவில் அவர் இருமும் ஓசை கேட்டால் என் நெஞ்சு சோர்ந்துவிடும். கேட்காத நாளில் துள்ளும். ஒருநாள் அவர் வரவில்லை. என் பெயர் அழைக்கப்பட்டது. மகிழ்ச்சியோடு எட்டுமணி நேரம் இழை ஒட்டினேன். அவர் வீட்டில் அன்று பேரக்குழந்தையை அடக்கம் செய்தார்கள் என்பதை மாலையில் அறிந்தேன். கையில் அன்றைய கூலி இருந்தது.

என்னைப் பசி அங்கே நிறுத்திற்று. இளைஞரை எது நிறுத்திற்று என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. வீட்டில் அரிசி இல்லாதவனையும் பல்லாயிரம் ரூபாய்ச் சைக்கிள் உடையவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அறமாகாது. ஒரே வேலைக்கு நாற்பது பேரை வாயிலில் நிறுத்திய முறையின் பங்கு அதில் உண்டு என்றே இன்றும் கருதுகின்றேன். ஆயினும் கம்மம் என்பது சேதனை என்றார் பகவன். மனத்துள் எழுந்த எண்ணத்தை நோக்கினால், இரண்டும் ஒரே எண்ணம். பிறன் ஒருவன் இல்லாதிருக்க வேண்டும் என்பதே அது. பசி என் குற்றத்தைக் குறைக்கலாம். எண்ணத்தின் நிறத்தை அது மாற்றவில்லை.

ஆகவே இளைஞரிடம் முன்பு கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். "நீ 4 மணிக்கு எழுந்தது வேட்கையன்று. நந்தி மலை ஏறியதும் அன்று. கால் பிடித்தும் ஓடி முடித்தாயே, அது நல்ல வீரியம். வேட்கை அந்த மண்டபத்தில் உன் பக்கத்து நாற்காலியில் வந்து அமர்ந்தது. அதை நீயே கண்டுகொண்டாய், நான் காணவில்லை" என்றேன். அவர் மனைவியும் தாயாரும் இவ்வோட்டத்துக்காக இழந்த ஞாயிறுகள் எத்தனை என்றும் கேட்டேன். அதற்கு அவர் மழுப்பினார். அவ்விஷயத்தில் அவர் இன்னும் தேறவேண்டியவரே.

சோணரின் வரலாற்றில் பலரும் சொல்லாது விடும் பகுதி ஒன்று உண்டு. புண்பட்ட பாதத்துக்காக, செருப்பு அணிந்துகொள்ளப் பகவன் அவருக்கு மட்டும் அனுமதி அளித்தார். தமக்கு மட்டுமெனில் வேண்டாம், சங்கம் முழுமைக்கும் அளித்தால் அணிவேன் என்றார் சோணர். பகவன் அனைவருக்கும் அளித்தார். இதை இளைஞருக்குச் சொன்னேன். அவர் சற்றுச் சிந்தித்து, "உலகப் போட்டியில் எல்லாருக்கும் இடம் இராதே ஐயா" என்றார். உண்மைதான். செருப்பைப் பெருக்கலாம், முதலிடத்தைப் பெருக்க முடியாது.

அதன்பின் அவரே ஒரு செய்தி சொன்னார். அயர்ன்மேன் உலகப் போட்டி 1981இல் ஓவாஹுவிலிருந்து ஹவாய்ப் பெருந்தீவுக்கு மாறிற்று. அங்கே கோனா நகரில் எரிமலைக் கற்பாழின் நடுவே நடக்கும் அப்போட்டியை முடிப்பதற்கான கெடு 17 மணி நேரம். வென்றவர்கள் பிற்பகலிலேயே ஓடி முடித்துவிடுகிறார்கள். ஆயினும் நள்ளிரவு நெருங்கும்போது, குளித்து உடைமாற்றிய அவர்கள் மீண்டும் எல்லைக்கோட்டருகே வந்து, தள்ளாடித் தள்ளாடி வரும் கடைசி மனிதர்களைக் கைதட்டி வரவேற்பது அவ்வூர் வழக்கமாம். முதிதை என்னும் சொல்லுக்கு இதுகாறும் நான் மேடையில் கூறிவந்த உவமைகளைவிட இது நன்று. "வென்றவனுக்கு அது எளிது, தம்பி. தோற்றவன் தட்டுவதல்லவா கடினம்? அடுத்த முறை மண்டபத்தில் கையை முதலில் தட்டச் சொல். மனம் பின்னால் வரட்டும்" என்றேன். அவர் சிரித்தார்.

2024 அக்டோபரில் அவர் மீண்டும் கோவா சென்றார். இம்முறையும் இடம் அவர் வரை இறங்கவில்லை. அன்று இரவே தொலைபேசியில் அழைத்தார். "எனக்கு முன் இருந்தவர் எழுந்து போனார் ஐயா. கை தட்டினேன்" என்றார்.

"மனம்?" என்று கேட்டேன்.

"இன்னும் வரவில்லை" என்றார்.