இலவச மருந்துக்கு யார் விலை வைத்தது?

எங்கள் தாமானில் ஓர் அண்ணன் இருக்கிறார். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் அவர் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே லயத்தில் இருந்தவை. சில மாதங்களுக்கு ஒருமுறை அவரை என் காரில் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். பக்கத்திலேயே சுங்கைப் பட்டாணியில் பெரிய அரசு மருத்துவமனை உண்டு. அவர் போவது ஒரு மணி நேரத்துக்கும் மேல் தள்ளியிருக்கும் வேறொன்றுக்கு. காரணம் கேட்டேன். "இங்க எந்தக் கவுண்டருக்குப் போனாலும் தெரிஞ்ச மொகமா இருக்கு தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா கேட்டா இனிப்புநீர்னு சொல்லிடு" என்றார்.

அவருக்கு எச்.ஐ.வி.

மலேசியாவில் இந்தத் தொற்று முதலில் கண்டறியப்பட்டது 1986இல். 2006 முதல், முதல்நிலைக் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு இலவசம். இது சும்மா நடக்கவில்லை. அதற்கு முன் மருந்தின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 2003இல் அரசாங்கம் காப்புரிமைச் சட்டம் தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து மலிவான மருந்தை வரவழைக்க முடிவு செய்தது. ஒரு கண்டுபிடிப்பின் மீதுள்ள உரிமையைவிட ஓர் உயிர் முக்கியம் என்று அரசாங்கமே சொன்ன தருணமாக இதைப் பார்க்கிறேன்.

நான் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறேன். ஒருநாள் கேண்டீனில் இந்தப் பேச்சு வந்தபோது ஒரு நண்பர் கேட்டார்: "அவனவன் செஞ்ச தப்புக்கு நம்ம வரிப்பணமா?" நான் பேசாமல் மீ கோரெங் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தப்பு என்ற சொல். இனிப்புநீருக்கும் அதே அரசு கிளினிக்கில்தான் மருந்து வாங்குகிறோம். எத்தனை தே தாரிக் குடித்தாய் என்று விசாரித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்துவதில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் நின்றால் காரணத்தைத் தேடுவோம். அது பழுதுபார்க்கத்தானே தவிர, பழுதுபார்க்க அதற்குத் தகுதி உண்டா என்று தீர்ப்புச் சொல்ல இல்லை. அண்ணன் தன் நோயை இனிப்புநீர் என்ற பெயருக்குள் ஒளித்து வைக்கிறார் என்றால், எந்த நோய்க்கு இரக்கம் கிடைக்கும், எதற்கு விசாரணை நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பதில் கேண்டீனில் எடுபடக் கூடியது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு வழியாக அது பிறருக்குத் தொற்றுவதில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அங்கீகரித்தது. ஆக, அவருக்குக் கொடுக்கும் மருந்து நம்மையும் காக்கிறது.

உண்மைதான். ஆனால் இந்தப் பதில் எனக்கு உறுத்துகிறது. நமக்கு ஆபத்து என்பதால்தான் அவரைக் காப்பாற்றுகிறோம் என்றாகிவிடுகிறது. தனியாகக் கிடக்கும் ஒரு கிழவருக்கு, யாருக்கும் தொற்ற வாய்ப்பே இல்லாதவருக்கு, இந்த நோய் இருந்தால் மருந்து கொடுக்க மாட்டோமா? கொடுப்போம். கொடுக்க வேண்டும் என்றுதான் அந்த நண்பரும் சொல்லியிருப்பார். அப்படியானால் உண்மையான காரணம் எளியது: அவர் சாகாமல் இருக்க ஒரு மருந்து இருக்கிறது, அது நம் கையில் இருக்கிறது.

இந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டால் அது குடிமக்களோடு நிற்காது. இன்று கெடா தோட்டங்களில் செம்பனை வெட்டுவதற்கு இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வருகிறார்கள். வேலைக்கு வரும்போது இரத்தப் பரிசோதனை உண்டு. எச்.ஐ.வி. இருந்தால் திருப்பி அனுப்பப்படுவார்கள். இலவச மருந்து அவர்களுக்கு இல்லை. கப்பலில் வந்த நம் ஆட்களையும் ஒரு காலத்தில் பினாங்குக்குப் பக்கத்தில் ஜெரஜாக் தீவில் நிறுத்தி வைத்துச் சோதித்துத்தான் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். உழைக்கிற உடம்பு மட்டும் வேண்டும், நோயுற்ற உடம்பு வேண்டாம். அவ்வளவு தூரம் போக வேண்டாம், இங்கேயே பிறந்து மைகார்டு இல்லாத தமிழர்கள் இன்னமும் இருக்கிறார்கள். குடிமகனுக்கு ஒரு ரிங்கிட் வாங்கும் இடத்தில் அவர்கள் அந்நியர் கட்டணம் கட்ட வேண்டும்.

அரசாங்கப் பணத்துக்கு ஓர் அளவு உண்டு, எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பார்கள். இருக்கலாம். அது கணக்கு. கணக்கில் இடமில்லை என்றால் இடமில்லை என்று சொல்வோம், அவர்களுக்குத் தகுதி இல்லை என்று சொல்ல வேண்டாம். முதலாவதைப் பணம் வந்தால் திருத்தலாம். இரண்டாவது ஊறிப்போகும்.

அண்ணனுக்கு மருந்து இலவசம். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒருநாள் சம்பளம் போகிறது, பெட்ரோலுக்கு என் கையில் காசைத் திணிக்கிறார், வழியெல்லாம் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார். இந்த விலையை அரசாங்கம் வைக்கவில்லை. எங்கள் தாமான் வைத்தது, கேண்டீனில் பேசாமல் இருந்த நானும் சேர்ந்து வைத்தேன்.

போன வாரம் அம்மா கேட்டார், "அவனுக்கு என்னடா, இவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போற?"

"இனிப்புநீர்மா" என்றேன். அது அவருடைய ரகசியம், நான் உடைக்க முடியாது. ஆனால் கேண்டீனில் அந்த நண்பர் இன்னொரு தடவை கேட்டால், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.