பட்டறிந்தவர் துணை

பிணியுற்றவனுக்கு வழிகாட்டும் தகுதி கற்றவருக்கு உரியதா, பட்டவருக்கு உரியதா? உடற்பிணியைப் பொறுத்தவரை விடை எளிது. காமாலை கண்டவன் மருத்துவரை நாடுவானேயன்றி, முன்பு காமாலை கண்டு தேறிய அண்டை வீட்டாரை நாடான். (கீழாநெல்லியை அரைத்துக்கொண்டு அண்டை வீட்டார் தாமே வந்துவிடுவர் என்பது வேறு செய்தி!) உள்ளத்துப் பிணியிலோ இவ்வினா அத்துணை எளிதன்று.

நாம் பிழைப்பு நாடி இம்மாநகர் புகுந்தவர்கள். எந்த ரயில் செம்பூருக்குச் செல்லும், எந்த மெஸ்ஸில் சாம்பார் வாயில் வைக்கும்படி இருக்கும், வீட்டுக்காரரிடம் இந்தியில் எவ்வாறு பேசுவது என்பனவற்றையெல்லாம் நமக்குக் கற்பித்தவர் யார்? நமக்கு ஓராண்டு முன்னே அதே தகரப்பெட்டியுடன் வந்திறங்கியவர்தாம். அவர் வழியை அறிந்திருந்தார். அதனினும் மேலாக, வழி அறியாது நின்ற தம் பழைய நிலையையும் அவர் மறந்திலர். கற்றவரிடம் முன்னது நிரம்ப உண்டு. பின்னது பட்டவரிடமே உண்டு.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாரிஸ் நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் மனநோயாளர் பகுதியை மேற்பார்த்து வந்த பியூசேன் என்பார், குணமடைந்தவர்களையே பணியாளராகத் தேர்ந்தெடுத்தார். அவர்கள் நோயாளரிடம் கொடுமை காட்டார் என நம்பினார். அவரும் அதே மருத்துவமனையில் முன்பு நோயாளியாய்க் கிடந்து தேறியவரே. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், வணிக முயற்சி தோற்றுத் தனித்திருந்த பில் வில்சன், குடிவேட்கை மீதூர்ந்தபோது தம்மையொத்த இன்னொரு குடிநோயாளரைத் தேடிச் சென்றார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்னும் அறுவை மருத்துவர். 'ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ்' என உலகெங்கும் பரவிய இயக்கம் அச்சந்திப்பில் பிறந்தது. வில்சன் அன்று தேடியது பிறரை உய்விக்க அன்று, தாம் வீழாதிருக்கவே. கொடுப்பவன், கொள்பவன் என்ற பிரிவு அங்கே மறைந்துபோகிறது. தானம், தருமம் என்று எண்ணிப் பழகிய நம் மனம் இதனை உடனே ஏற்பதில்லை.

நம் நாட்டிலும் இக்கருத்து வேரூன்றி வருகிறது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டனர். அவர்கள் சார்பில் பேச அன்று எந்த அவையிலும் அவர்களையொத்தவர் ஒருவரும் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மத்திய, மாநில மனநல ஆணையங்களில் மனநோயுற்றோர் அல்லது உற்றுத் தேறியோர் சார்பில் இருவருக்கு இடம் தந்துளது. சட்டப் பிரிவுகளைப் புரட்டுவதே பிழைப்பாகக் கொண்ட நமக்கு, உலர்ந்த வாசகங்களிடையே இது ஈரமுள்ள வரியாகத் தோன்றியது.

ஆனால் ஆணையத்தில் அமர்வது வேறு. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. ஒருவர் மனச்சோர்வில் ஆழ்ந்து, மருந்துண்டு தேறி, நாள்தோறும் அலுவலகம் சென்று வருகிறார் எனக் கொள்வோம். எதிர்வீட்டு இளைஞன் அதே இருளில் கிடப்பதை அவர் காண்கிறார். "தம்பி, நானும் அங்கே இருந்தவன்தான்" என்ற ஒரு சொல் அவனை எழுப்பி உட்கார்த்தக்கூடும். அச்சொல்லே மறுநாள் கோயில் வாசலில் செய்தியாகி, அவர் மகளுக்கு வந்த வரனைத் திருப்பி அனுப்பவும்கூடும். சென்னையில் கீழ்ப்பாக்கம், இங்கே தாணா என ஊர்ப்பெயர்களையே ஏசும் சொல்லாக்கிவிட்ட சமுதாயத்தில் அவர் என் செய்வார்?

வாய்திறவாமை தன்னலம் என்பர் சிலர். நாம் உடன்படோம். விலை கொடுக்கப் போகிறவள் அவர் மகள். பிறர் மடிப்பணத்தில் அறம் செய்ய எவருக்கும் உரிமையில்லை. எனினும் வாய்மூடும் ஒவ்வொருவரும், அடுத்து வாய்திறப்பவர் தரவேண்டிய விலையை ஏற்றிவிட்டே செல்கின்றனர் என்பதும் மெய். அவ்விலையை விதித்தவர் அவருமல்லர், அவ்விளைஞனுமல்லன். ஜாதகத்தோடு குடும்பத்தின் 'பூர்வீகத்தையும்' விசாரிக்கும் நாமே விதிக்கிறோம். அவரிடம் கடமையைக் கேட்கப் புகுமுன் கணக்கு இங்கிருந்தே தொடங்கவேண்டும்.

பட்டவர் சொல் அனைத்தும் வேதவாக்காகிவிடாது என்பதையும் கூறல் வேண்டும். "மாத்திரையை விட்டேன், தேறினேன், நீயும் விடு" என்பவர் துணைவரல்லர். நட்பு என்னும் அதிகாரத்தை அடுத்து நட்பாராய்தலை வள்ளுவர் வைத்தது காரணமின்றியன்று. துணைவர்க்கும் பயிற்சி வேண்டும். கேட்டதைப் புதைத்துவைக்கும் நெஞ்சும் வேண்டும். தம் காயம் மீண்டும் திறக்கும் நாளில், விலகி நிற்கும் உரிமையும் அவர்க்கு வேண்டும்.

2006இல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவர், முதிய பெண்டிரைப் பழக்கி, மருத்துவ நிலையத்து மரத்தடி பெஞ்சுகளில் அமர்த்தினார். துயருற்றோர் அவர்கள் அருகே வந்தமர்ந்து பேசலாம். 'மனநல பெஞ்சு' என்றே முதலில் பெயர். எவர் வந்து அமர்வார்? அப்பெண்டிரே 'நட்பு பெஞ்சு' எனப் பெயர் மாற்றச் செய்தனர். பிறகு ஆட்கள் வந்தனர். நம் டைமண்ட் கார்டனிலும் பெஞ்சுகள் உள்ளன. மாலைதோறும் அவற்றில் அகவிலைப்படியும் கிரிக்கெட்டும் மருமகளும் அலசப்படுகின்றனர். ஓரத்து பெஞ்சில் ஒருவர் எவரிடமும் பேசாது, விளக்கேற்றும் நேரம்வரை அமர்ந்திருப்பதையும் நாம் காண்பதுண்டு.