பிள்ளையின் தாகமும் பெற்றோரின் அமானத்தும்

அல்லாஹு தஆலா மனிதனுக்கு அருளியிருக்கும் நிஃமத்துகளில் பிள்ளைப் பேறு தலையாயது. பிள்ளைச் செல்வம் என்று நாம் சொல்லிக்கொண்டாலும் அது நமக்குச் சொந்தமான செல்வமன்று; நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கும் அமானத்து.

அமானத்துப் பொருளைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் ஒரு சட்டம் கூறுகின்றன. வைத்திருந்தவரின் கவனக்குறைவு ஏதுமில்லாமல் பொருள் அழிந்துபோனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. கவனக்குறைவால் அழிந்தால் ஈடு கொடுத்தே ஆக வேண்டும். "பெட்டியில் வைத்துப் பூட்டினேன், கறையான் அரித்ததை நான் காணவில்லை" என்று ஒருவர் சொன்னால், பெட்டிக்கடியில் மண் உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தீரா, பார்த்தும் திறக்காமல் இருந்தீரா என்றுதான் காஜியார் கேட்பார்.

இந்தச் சட்டத்தைப் பொன்னுக்கும் பணத்துக்கும் பொருத்துகிற நாம், பிள்ளையின் உடல் நலத்துக்குப் பொருத்திப் பார்க்கிறோமா? ஒரு பிள்ளை நோயுற்று, காலம் கடந்து, கைவிட்டுப் போய்விட்டால் "அல்லாஹ்வின் நாட்டம்" என்கிறோம். நாட்டம்தான், முஃமினுக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் நம் பக்கத்தில் கவனக்குறைவு இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு அந்தச் சொல் பதிலாகுமா? இதைப் பொதுவாகப் பேசுவதைவிட ஒரு நோயை எடுத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. சிறு பிள்ளைகளுக்கு வரும் நீரிழிவை எடுத்துக்கொள்வோம்.

சிறு பிள்ளைக்கும் சர்க்கரை வியாதியா?

சர்க்கரை வியாதி என்றால் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு வருவது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். பால்குடி மறந்த குழந்தைக்கும் வரும், மக்தபுக்குப் போகும் பிள்ளைக்கும் வரும். பெரியவர்களுக்கு வருவதும் இதுவும் பெயரால் ஒன்றே தவிர, தன்மையால் வேறு. கணையத்தில் இன்சுலின் என்னும் சுரப்பை உண்டாக்கும் நுண்ணறைகளை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லையேல் இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் அறைகளுக்குள் நுழைய முடியாது. விருந்து வீட்டு வாசலில் பசியோடு நிற்பவனைப் போல, சர்க்கரை நிறைந்த இரத்தத்தின் நடுவே உடல் பட்டினி கிடக்கிறது. மிஞ்சிய சர்க்கரை சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது.

இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அறிகுறிகள் அத்தனையும் தாமே விளங்கும். தண்ணீர் வெளியேறுவதால் அடிக்கடி சிறுநீர், அதனால் தாகம், உடல் பட்டினி கிடப்பதால் சோர்வு, தன் கொழுப்பையும் தசையையும் தானே கரைத்துத் தின்பதால் மெலிவு. இந்நான்கும் சில நாட்களிலோ சில வாரங்களிலோ தலைகாட்டிவிடும்.

உடல் சொல்லும் சேதி

பிள்ளைக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது. அதன் உடல்தான் சொல்கிறது. நாமோ அந்தச் சேதியைக் குறும்பு என்றும் சோம்பல் என்றும் மொழிபெயர்த்துக் கொள்கிறோம். இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோய் ஓராண்டு, இரண்டாண்டு ஆன பிள்ளை, திடீரென்று மறுபடியும் படுக்கையை நனைக்கத் தொடங்குகிறது. தொழுகையுள்ள வீட்டில் பாயும் விரிப்பும் நஜீஸாவது தாய்க்குப் பெரும் தொல்லை. பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. சில வீடுகளில் அடியும் விழுகிறது. இரவில் தண்ணீர் கொடுக்காதே என்று உத்தரவும் பிறக்கிறது. தண்ணீருக்காகத் தவிக்கும் உடலுக்குத் தண்ணீரையும் மறுப்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன?

மக்தபில் ஒரு பிள்ளை ஒரு பாடம் முடிவதற்குள் மூன்று முறை எழுந்து, "ஹஜ்ரத், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்", "ஹஜ்ரத், வெளியே போக வேண்டும்" என்கிறது. ஓதுவதிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறது என்று உஸ்தாதுமார் எண்ணுவது இயல்பு. நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை இன்று ஏன் இப்படி என்று கேட்பதுதான் பொறுப்பு. ரமளானில் ஆசையாக நோன்பு வைத்த பிள்ளை ளுஹருக்கு முன்பே தாகம் பொறுக்காமல் துவண்டு விழுந்தால், அதை ஈமானின் குறைவாகப் பேசக் கூடாது. மற்ற நாட்களிலும் அதற்கு அந்தத் தாகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நன்றாகச் சாப்பிட்டும் சட்டை தொளதொளத்துப் போவது, விளையாட்டில் முன்னால் ஓடிய பிள்ளை மூலையில் சுருண்டு படுப்பது, காரணமின்றிச் சிடுசிடுப்பது, கரும்பலகை மங்கலாகத் தெரிவது, சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பது, பெண் குழந்தைகளுக்கு அந்தரங்கப் பகுதியில் ஆறாத அரிப்பும் புண்ணும், கைக்குழந்தைக்கு நனைப்புத் துணி வழக்கத்துக்கு மீறிக் கனப்பது ஆகிய எல்லாமே கேட்டுத் தெளிய வேண்டிய அடையாளங்கள்.

இவற்றைக் கவனியாமல் விட்டால் அடுத்த கட்டம் ஆபத்தானது. கொழுப்பு கரைவதால் இரத்தத்தில் அமிலம் பெருகுகிறது. வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து வேகமாக இழுக்கும் மூச்சு, பழுத்த பழம் போல் வாயிலிருந்து வரும் வாடை, மயக்கம் என்று தொடர்ந்து, உயிருக்கே கேடு வரும். வாந்தியைக் கண்டு அஜீரணம் என்றும், மூச்சைக் கண்டு சளி என்றும், மயக்கத்தைக் கண்டு காற்றுக் கறுப்பு என்றும் எண்ணி நாட்களைக் கடத்திவிடுபவர்கள் உண்டு. அங்கே மணிக்கணக்குக்கூட விலை மதிப்புள்ளது. உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும்.

படுக்கையை நனைக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இந்த நோய் இருக்காது. யாருக்கு இருக்கிறது என்பதை நம் ஊகம் சொல்லாது. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தம் ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடும். வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று மறுநாள் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மேற்சொன்ன அடையாளங்களோடு, எந்த நேரத்தில் எடுத்த சோதனையிலும் 100 மில்லி லிட்டருக்கு 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால், அன்றைய தினமே சிகிச்சை தொடங்கப்பட வேண்டும்.

அறியாமை எப்போது குற்றமாகிறது?

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. பிரயாணத்தில் ஒருவருடைய தலையில் கல் பட்டுக் காயமாகிவிட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது மிகவும் கடிந்துகொண்டார்கள். அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்னும் அளவுக்குச் சொல்லி, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, கேட்பதே அறியாமைக்கு மருந்து என்ற கருத்தில் உபதேசித்தார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்களல்லர். மார்க்கத்தைப் பேணுகிறோம் என்றே நினைத்தார்கள். அவர்கள் அறியாமல் இருந்ததற்காகக் கண்டிக்கப்படவில்லை. அறியாததைக் கேளாமல் முடிவு செய்ததற்காகவே கண்டிக்கப்பட்டார்கள். நம் கேள்விக்குரிய எல்லைக்கோடு இங்கேதான் இருக்கிறது. இந்த நோயைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத தாய், தன்னால் ஆனதைச் செய்தும் பிள்ளையை இழந்தாளென்றால், அவள் மீது கவனக்குறைவு இல்லை. "உன்னால்தான்" என்று அவளிடம் சொல்கிறவனே பாவி. ஆனால் மாற்றத்தைக் கண்ணால் கண்டும், "வளரும் பிள்ளை, சரியாகிவிடும்" என்று கேளாமல் இருந்துவிடுவது பெட்டிக்கடியில் உதிர்ந்த மண்ணைப் பார்த்தும் திறவாமல் இருப்பதாகும்.

கேட்பதும் தெரிவிப்பதும் என்ன பயன் தரும் என்பதற்கு இத்தாலி நாட்டின் பார்மா மாகாணம் சான்று. 1991-இல் அங்கே பள்ளிக்கூடங்களிலும் குழந்தை வைத்தியர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். தாகம், அடிக்கடி சிறுநீர், படுக்கையை நனைத்தல் ஆகியவை நீரிழிவாக இருக்கலாம் என்பதே அதன் செய்தி. அதற்கு முன் நோய் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் அமிலம் பெருகிய ஆபத்தான நிலையில்தான் வந்து சேர்ந்தார்கள். அதன் பின் சில ஆண்டுகளில் அது 12.5 ஆகக் குறைந்தது. சுவரில் ஒட்டிய காகிதம் எத்தனை பிள்ளைகளைக் காத்திருக்கிறது பாருங்கள்!

தவக்குல் எது?

நோய் தெரிந்த பிறகு இன்னொரு சோதனை வருகிறது. தினமும் ஊசி, ஆயுள் முழுவதும் ஊசி என்று டாக்டர் சொன்னதும் வீடு இடிந்துபோகிறது. "அல்லாஹ் மேல் பாரத்தைப் போடுவோம், ஓதிப் பார்ப்போம்" என்கிறார்கள் சிலர். துஆச் செய்வதும், குர்ஆன் ஓதி ஷிஃபாவைக் கேட்பதும் நம் உரிமை. அதற்காக ஊசியை நிறுத்தலாமா?

ஹிஜ்ரி 505-இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் தவக்குல் பற்றிய பாடத்தில் நோயை நீக்கும் காரணங்களை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு ரொட்டியும் போல உறுதியானவை முதல் வகை. குணம் தருமென்று பெரிதும் எதிர்பார்க்கத்தக்க மருந்துகள் இரண்டாவது வகை. சூடு போடுதல், மந்திரித்தல் போன்று வெறும் எண்ணத்தளவில் நிற்பவை மூன்றாவது வகை. முதல் வகையை விடுவது தவக்குல் ஆகாது என்பதோடு, உயிர் பயமுள்ள இடத்தில் அதை விடுவது ஹராம் என்பது அவர்கள் தீர்ப்பு.

இந்தப் பிள்ளைகளுக்கு இன்சுலின் எந்த வகை? 1922-க்கு முந்திய காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்று இந்த நோய் கண்ட பிள்ளை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகள்கூட நிலைக்காது. உணவைக் குறைத்துப் பட்டினி போட்டு நாட்களை நீட்டுவதுதான் வைத்தியர்களால் முடிந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட், மெக்லியோட், காலிப் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் கிடைத்தது. 1922 ஜனவரியில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. சாகக் கிடந்தவன் தேறினான். பல ஆண்டுகள் வாழ்ந்தான். ஆகவே இந்தப் பிள்ளைக்கு இன்சுலின் என்பது குணம் தரக்கூடும் என்று எதிர்பார்க்கும் மருந்து மட்டுமன்று. தாகித்தவனுக்குத் தண்ணீர் போன்றது. அதைத் தடுத்துவிட்டுத் தவக்குல் என்று பெயர் வைப்பது தவக்குலின் மீதே பழி சுமத்துவதாகும்.

இங்கே ஒரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. ஊசி தொடங்கிய சில வாரங்களில் பல பிள்ளைகளுக்குச் சர்க்கரை வெகுவாக இறங்கி, மருந்தின் அளவும் குறைந்துவிடும். கணையத்தில் எஞ்சியிருக்கும் சிறு பகுதி சற்று இளைப்பாறி வேலை செய்வதே காரணம். சில மாதங்களில் அதுவும் ஓய்ந்துவிடும். அந்த வேளையில் கட்டிய தாயத்தையோ, குடித்த கஷாயத்தையோ நம்பி, "குணமாகிவிட்டது" என்று ஊசியை நிறுத்தியவர்கள் பிள்ளையை மயக்க நிலையில் மருத்துவமனைக்குத் தூக்கி ஓட நேரிடும். அந்நாட்களிலும் டாக்டரைக் கேளாமல் ஊசியை நிறுத்தவே கூடாது.

வீண் பழிகளும் வீண் சந்தேகங்களும்

மிட்டாய் தின்றதால் வந்தது, தாய் செல்லம் கொடுத்ததால் வந்தது என்று மாமியார் வீட்டில் பேச்சு எழும். இந்த நோய் இனிப்புத் தின்பதால் வருவதல்ல, தொற்றுவதுமல்ல. இந்த நோய் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோரின் குடும்பத்தில் வேறு எவருக்கும் இது இருப்பதில்லை. குற்றமற்ற பிள்ளையின் நோயை யாருடைய பாவத்துக்கோ தண்டனை என்று சொல்ல நமக்கு அதிகாரமும் இல்லை.

முற்காலத்தில் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டதால் சிலர் தயங்கினார்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில் ஷரீஅத் அன்றே வழி திறந்து வைத்திருந்தது. 1982 முதல், நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படும் மனித இன்சுலின் புழக்கத்துக்கு வந்துவிட்டது. எனவே அந்தத் தயக்கத்துக்கு இன்று இடமில்லை.

பெண் பிள்ளையானால் நாளைக்கு வரன் தடைப்படுமே என்று நோயை மறைப்பவர்கள் உண்டு. மறைக்கும் வீட்டில் ஊசி நேரம் தவறும். பள்ளி ஆசிரியைக்கும் விவரம் தெரியாது போகும். நாளைய சம்பந்தத்துக்காக இன்றைய உயிரைப் பணயம் வைப்பது எந்த விதத்தில் நியாயம்?

ஜமாஅத்தின் கடமை

அமானத்து பெற்றோரிடம் மட்டுமில்லை, ஊராரிடமும் இருக்கிறது. தொழுகை நேர அட்டவணை தொங்கும் பள்ளிவாசல் சுவரில் இந்த நான்கு அடையாளங்களையும் எழுதி மாட்ட எவ்வளவு செலவாகும்? மக்தப் உஸ்தாதுமார்களுக்கு ஒரு மணி நேரம் டாக்டர் ஒருவரை அழைத்து விளக்கச் சொல்வதில் என்ன சிரமம்? இன்சுலினும் சோதனைப் பட்டைகளும் மாதந்தோறும் வாங்க வேண்டியவை. ஏழைத் தகப்பன் கடைசிப் புட்டியை நீட்டி நீட்டிப் போட்டுக் கொண்டிருக்கையில், ஜகாத் பெறத் தகுதியுள்ள அந்தக் குடும்பத்தைப் பைத்துல்மால் தேடிப் போக வேண்டாமா?

சகோதரர்களே! இன்றிரவு உங்கள் பிள்ளை எத்தனை முறை எழுந்து தண்ணீர் கேட்கிறது என்று பாருங்கள். மாற்றம் தெரிந்தால் அடிக்கக் கை ஓங்காதீர்கள். கையைப் பிடித்து அழைத்துப் போய்ச் சோதனை செய்யுங்கள். ஒன்றுமில்லையென்றால் அல்ஹம்து லில்லாஹ். இருந்தாலும், காலத்தில் தெரிந்துகொண்டோம் என்பதற்காக அல்ஹம்து லில்லாஹ். நம் கையிலுள்ள அமானத்தைக் கண் திறந்து காக்கும் தௌஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.