வாயில்லாதவற்றின் வைத்தியம்

அமாவாசைக் காலையில் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளக்கரைக்குப் போனால் வெல்லக் கட்டிகளோடு படியிறங்குகிறவர்களைப் பார்க்கலாம். நோய் தீர வேண்டுமென்று நேர்ந்துகொண்டவர்கள் ஹிருத்தாபநாசினி தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைக்கிறார்கள். உப்பும் மிளகும் போடுகிறவர்களும் உண்டு. ஊர் இந்தப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்றே அழைக்கிறது. சயனக் கோலத்தில் இருக்கும் அவருடைய வலக்கை, சாலிஹோத்திர முனிவரின் தலைமேல் படிந்திருக்கிறது.

அந்தப் பெயர் இன்னோரிடத்திலும் வருகிறது. நம் நாட்டின் பழைய குதிரை மருத்துவ நூல் சாலிஹோத்திரர் பெயரில்தான் வழங்குகிறது. கால்நடை வைத்தியத்துக்கே அவரை முன்னோடியாகச் சொல்வார்கள். தல புராணத்து முனிவரையும் அவரையும் ஒருவராக்கிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. மனிதனைச் சுமந்துபோகும் ஒன்றுக்கு வைத்தியம் பார்த்தவரின் பெயர், வைத்தியர் என்று போற்றப்படும் தெய்வத்தின் கைக்கு அடியில் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமானது. வலிக்கிற இடத்தைக் குதிரை வாய்விட்டுச் சொல்லாது. பக்கத்தில் நின்று, அதன் மூச்சையும் நடையையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரும் அப்படித்தான்.

காருக்கும் இந்தச் சீமைக்கும் நெருக்கம் அதிகம். அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1971-ல் மண் அள்ளும் இயந்திரங்களுக்காகத் தொடங்கிய ஆலை இருக்கிறது. 1998-ல் அங்கிருந்துதான் மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. அம்பாசடர் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்தது. லான்சர் நம்மூர்ப் பிள்ளை. இப்போது அதே வளாகத்தில் சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. அந்தக் காலத்து லான்சர்களில் சில இன்னும் ஓடுகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து வருகிறவர்கள் கைமாறி வந்த மாருதி 800, சாண்ட்ரோ, லான்சர் என்று எதையாவது வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்து பார்ப்பதும் அவர்கள்தான்.

பானெட்டைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சும்மா இருப்பது. சத்தம் காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருகிறதா, வண்டி சூடானபிறகா? பிரேக் மிதித்தால் வருகிறதா, வளைவில் திரும்பினால் வருகிறதா? கடைசியாக எதைக் கழற்றி மாட்டினார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பாதி சொல்வார், மீதியை வண்டி சொல்லும். நம் மனத்துக்குள் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உட்கார்ந்திருந்தால் இரண்டுமே காதில் விழாது. ஆன்மிகத்தில் மௌனத்தை ஏன் இவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது எனக்கு என்ஜின் பக்கத்தில் நிற்கும்போது நன்றாகவே புரிகிறது.

பக்கத்துத் தெருத் தம்பி ஒருவரின் பெட்ரோல் லான்சர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் போட்டால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்.

“பேட்டரி போயிடுச்சுண்ணே. புதுசு வாங்கிடறேன்.”

“இருப்பா. அதையே கேட்டுப் பார்த்துடலாம்.”

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்துப் பேட்டரியின் இரு முனைகளையும் தொட்டோம்: 12.5 வோல்ட். நன்றாக சார்ஜ் ஏறிய பேட்டரி 12.6 காட்டும், 12.2-க்குக் கீழே இறங்கினால் பாதி காலி. ஆகவே பேட்டரியைக் குற்றவாளி என்று உடனே சொல்ல முடியாது. அடுத்து மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், மறு முனையை என்ஜின் உடம்பில் பெயிண்ட் இல்லாத இரும்பிலும் வைத்து, அவரைச் செல்ஃப் போடச் சொன்னேன். எர்த் சரியாக இருந்தால் கால் வோல்ட்டைத் தாண்டக் கூடாது. மீட்டர் ஒன்றரைக்கு மேல் போயிற்று. பேட்டரியில் இருந்த வலு, ஸ்டார்ட்டருக்குப் போய்த் திரும்பும் வழியிலேயே கரைந்துகொண்டிருந்தது.

என்ஜினிலிருந்து பாடிக்கு வரும் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றினோம். மேலே பார்க்க ஒன்றுமில்லை. வாஷருக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். முதல் செல்ஃபிலேயே எடுத்தது. ஓடும்போது மீண்டும் பேட்டரியில் மீட்டர் வைத்தோம்: 14.1. சார்ஜிங்கும் சரி. தம்பி சிரித்தபடி, “புது பேட்டரி போட்டிருந்தா அதுவும் இப்படித்தானே நின்னிருக்கும்ணே” என்றார்.

வலி ஓரிடத்தில் தெரிகிறது, வேர் வேறிடத்தில் இருக்கிறது. குளக்கரையில் வெல்லம் கரைப்பவர்களைப் பார்க்கும்போதும் இதுதான் தோன்றும். தூக்கம் வரவில்லை, கோபம் அடங்கவில்லை, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை என்று நாம் கொண்டுபோய் வைப்பவை எல்லாம் டிக் டிக் என்ற அந்தச் சத்தம்தான். அவற்றை உடனே நிறுத்தித் தா என்று கேட்கிறோம். கேட்பதில் தவறே இல்லை. வலிப்பவன் வலியைத்தானே சொல்வான். ஆனால் கேட்டபிறகு குளப்படியில் கொஞ்சம் உட்கார்ந்தால், எந்த இணைப்பில் எத்தனை காலமாகப் பொடி பூத்திருக்கிறது என்று மெல்லத் தெரியவரும். எவரோடு எப்போது பேசாமல் போனோம், எதைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கிறோம் என்று. பெரும்பாலும் அது விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருப்பதில்லை.

வண்டிக்குத் திரும்புவோம். என்ஜின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு இழுக்கும் மிஸ்ஸிங் என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எந்த சிலிண்டரில் இருந்ததோ அந்த வரிசை மாறாமல் செய்தித்தாளில் வையுங்கள். முனை இளம் பழுப்பாக இருந்தால் எரிப்பு சரியாக நடக்கிறது. கரிபோல் காய்ந்த கறுப்பென்றால் பெட்ரோல் மிகுதி. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், பழைய மாருதியாக இருந்தால் கார்பரேட்டரின் சோக் சிக்கியிருக்கலாம். ஈரமாக எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் சூடு அதிகம். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறமென்றால் அந்த ஒரு சிலிண்டரோடு தேடலை முடித்துக்கொள்ளலாம். பிளக் பழையது என்று பார்க்காமலே தூக்கி எறிந்துவிட்டுப் புதிது போடுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான். உள்ளே நடந்த அத்தனையையும் பார்த்த சாட்சி அது.

சூடேறுவது வேறு விஷயம். ஜி.என்.டி. ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து வரும்போது ஊசி சிவப்புக்குப் போகிறதென்றால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். மூடி சுடாத அளவுக்கு ஆற அரை மணி, முக்கால் மணி ஆகலாம். அந்த நேரத்தை நாமம் சொல்லக் கிடைத்த நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். அவசரத்துக்கு எந்த வேலையும் இல்லாத நேரம் நமக்கு வேறு எங்கே கிடைக்கிறது? ஆறியபிறகு ஃபேன் சுற்றுகிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா, ஹோஸ் கசிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நம் பக்கத்து போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். உப்பு படிந்து குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் போதும்.

உப்பு என்றதும் பழவேற்காட்டுக் கடற்காற்று நினைவுக்கு வருகிறது. குளத்தில் நோய் தீரக் கரைக்கும் அதே உப்பு, கும்மிடிப்பூண்டிப் பக்கம் வண்டியின் அடித்தகட்டைத் தின்கிறது. கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடியச் சின்னத் துளைகள் இருக்கும். தூசியும் சருகும் அடைத்துக்கொண்டால் மழைநீர் உள்ளே தங்கி, வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே கதவு உள்ளிருந்து அரித்துவிடும். மெல்லிய கம்பியால் துளைகளைக் குத்திவிட்டு, கால்மிதியைத் தூக்கிப் பார்த்து, அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது மழைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய பூஜை என்பேன்.

சில வேலைகளை வீட்டில் தொடவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும். பிரேக் டிரம்மைத் திறந்தால் உள்ளிருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். பிரேக்கில் சந்தேகம் என்றால் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள். சாலையில் எதிரே வருகிறவரின் உயிரும் நம் கையில் இருக்கிறது. தன் அறிவின் எல்லையை அறிந்து நிற்பதும் பணிவுதான்.

ஒரு நாள் வைத்தியம் எட்டாத நிலை வரும். பதினைந்து வருடம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. பணம் கட்டினாலும் சேசிஸ் அரித்துப் போயிருந்தால் ஓட்டுவது தர்மமல்ல. அப்போது அதை விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். கும்மிடிப்பூண்டியின் உலைகளில் பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாகிறது. யாருடைய வீட்டுத் தூணுக்குள்ளோ நிற்கப் போகிறது.

அனுப்புவதற்கு முன் பேட்டரியைக் கழற்றிக் கடையில் திருப்பிக் கொடுங்கள். அதில் ஈயமும் அமிலமும் இருக்கின்றன. என்ஜின் ஆயிலை வடித்து, மூடியுள்ள டின்னில் ஊற்றுங்கள். சாக்கடையிலும் மண்ணிலும் கொட்டினால் அது ஆரணியாற்றையும் கொசஸ்தலையையும் தேடிப் போய்ச் சேரும். ஒன்று பழவேற்காட்டிலும் மற்றது எண்ணூரிலும் கலக்கிறது. டின்னின் மேல் ‘பழைய ஆயில்’ என்று எழுதி வையுங்கள், வீட்டுப் பிள்ளைகள் எடுத்துவிடாமல். பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.