காலுக்குத் தீட்டு உண்டா?

வயல் சேற்றுக்கு இரண்டு மதிப்பெண். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர் 109 கால்களைப் பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கு அப்படித்தான் சொல்கிறது. எலும்பு முறிந்து, சதை கிழிந்து, ஆனால் ரத்த ஓட்டம் அறுபடாமல் வந்து சேரும் காலுக்கான கணக்கு அது. தோலுக்கு ஒன்று முதல் ஐந்து, எலும்புக்கும் மூட்டுக்கும் ஒன்று முதல் ஐந்து, தசைக்கும் நரம்புக்கும் ஒன்று முதல் ஐந்து. அதற்கு மேல் ஏழு சங்கதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு. வயது 65ஐத் தாண்டியிருப்பது, சர்க்கரை, 12 மணி நேரத்துக்குப் பிறகு புண்ணைச் சுத்தம் செய்வது, சாக்கடையோ தொழுவத்து அழுக்கோ வயல் சேறோ புண்ணில் ஏறியிருப்பது, இப்படி. மொத்தம் 29. பதினான்கு வரை காலைக் காப்பாற்றப் பார்க்கலாம். பதினேழோ அதற்கு மேலோ வந்தால் எடுத்துவிடுவதே நல்லது. 15, 16 என்று வந்தால் கணக்கு ஒதுங்கி நின்றுகொள்கிறது. ஆளைப் பார்த்து, குடும்பத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்கிறது.

என் தம்பி மகனுக்கு 16.

ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்கள் வயலில் சம்பாவுக்குச் சேற்றுழவு ஓட்டும்போது ரொட்டவேட்டரில் கால் மாட்டிக்கொண்டது. டாக்டர் ஒரு தாளில் எண்களைக் கூட்டிக் காட்டினார். சேறு இல்லாவிட்டால் 14. நாங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சோறு தின்ற சேறு, பையன் கணக்கில் இரண்டைக் கூட்டிவிட்டது.

1990இல் அமெரிக்காவில் வந்த பழைய கணக்கொன்று உண்டு. அதில் இந்த இடைவெளி கிடையாது. ஏழு வந்தால் எடு, வராவிட்டால் விடு. அதைவிட இது நேர்மையானது என்று எனக்குப் படுகிறது. எங்கள் சைவ சித்தாந்த வகுப்பில் கேட்ட எந்தத் தர்க்கமும் ‘இந்த இடத்தில் எனக்குத் தெரியாது’ என்று நின்றதாக நினைவில்லை.

முடிவெடுக்க ஒரு ராத்திரி இருந்தது. அமெரிக்காவில் இப்படிக் கால் நைந்த 569 பேரை இரண்டாண்டு தொடர்ந்து பார்த்து 2002இல் எழுதியிருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். காலை வைத்துக்கொண்டவரும் எடுத்துக்கொண்டவரும் கடைசியில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வாழ்ந்தார்களாம். வைத்துக்கொண்டவர்கள்தான் மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். படிப்பு, பணம், பக்கத்தில் ஆள் துணை, ‘என்னால் முடியும்’ என்ற தெம்பு, இவையே ஆளுக்கு ஆள் வித்தியாசத்தை உண்டாக்கினவாம். காலைப் பற்றிக் கேட்கப் போனவர்களுக்கு உறவைப் பற்றிப் பதில் கிடைத்திருக்கிறது.

“எடுத்துடச் சொல்லுங்க பெரியப்பா. தை அறுப்புக்குள்ள எழுந்து நிக்கணும்” என்றான் பையன்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விதிப்படி அது மஞ்சள் பையில் போய் எரிந்திருக்க வேண்டியது. நாங்கள் கேட்டு, எழுதிக் கொடுத்து, வாங்கி வந்து கொல்லையில் புதைத்தோம். துணியில் சுற்றியிருந்தது. நான் நினைத்ததைவிடக் கனம். பெருவிரல் நகத்துக்கடியில் சேறு அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் ஆத்தா கேட்டது: “ஏன்டா, காலைப் பொதைச்சா தீட்டு உண்டா?”

வகுப்பாசிரியரிடம் கொண்டுபோனேன். சடத்துக்கு ஏது தீட்டு என்றார். முப்பத்தாறு தத்துவங்களில் பாதமும் ஒன்று. ஆனால் கன்மேந்திரியமான அந்தப் பாதம் சதையும் எலும்பும் அல்ல, அதில் நின்று நடக்கிற ஆற்றல் என்றார். எனக்குச் சட்டென்று பையன் ஞாபகம் வந்தது. இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான். நம் தமிழ்நாட்டிலிருந்து போன நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் இதை ஆராய்ந்து, கண்ணாடி வைத்து ஏய்த்து வலியைக் குறைக்கலாம் என்று காட்டியவர். கால் போனாலும் மூளையில் கால் இருக்கிற உணர்வு போவதில்லை என்கிறது அந்த ஆராய்ச்சி. ஆசிரியரும் விஞ்ஞானியும் ஒத்துப்போகிறார்களோ என்று எனக்கு ஒரே குஷி. ஆனால் பாதம் மூளையிலோ தத்துவத்திலோ இருக்கிறதென்றால், கொல்லையில் நான் மண்ணைத் தள்ளி மூடினது எதை?

ஆசிரியர் திருமூலர் கதைக்குப் போனார். திருவாவடுதுறைப் பக்கம் வந்த சிவயோகி, சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடப்பதையும் பசுக்கள் கதறுவதையும் பார்த்து, அவன் உடம்பில் புகுந்து மாட்டை வீடு சேர்த்தார். மூலன் மனைவி வந்து தொடப் போனாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று விலகினார். உடம்பு சட்டை மாதிரி, இதுதான் பாடம் என்றார் ஆசிரியர்.

யோகிக்கு அது சரி. அந்தப் பொம்பளைக்கு? அவள் ஊராரைக் கூட்டி முறையிட்டாள். அவர்கள் வந்து பார்த்து, இவர் யோகத்தில் இருக்கிறார், உன்னால் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். அவள் ஆக்கிப் போட்ட சோற்றில் வளர்ந்த உடம்பு, வெந்நீர் வைத்துக் கொடுத்த உடம்பு. உள்ளே இருப்பவர் யாராயிருந்தாலும் அதில் அவளுக்குப் பாத்தியதை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆத்தா கேட்டதும் இந்தப் பாத்தியதையைத்தான் என்று நினைக்கிறேன். அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்து நீவி விட்டது அதுதான். ஒரு நாள் தலை முழுகினால் போதும் என்று நானாக ஒரு தீர்ப்புச் சொன்னேன். அதெல்லாம் அன்றைக்கே முழுகியாச்சு என்றது.

பையன் இப்போது ஜெய்ப்பூர்க் காலில் நடக்கிறான். வெறுங்காலோடு சேற்றில் இறங்குகிறவர்களை நினைத்து 1968இல் டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் செய்தது. வரப்பில் மட்டும் இன்னும் தடுமாற்றம்.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னபோது ஆசிரியர் ஒப்பவில்லை. மூலன் மனைவிக்கு இருந்தது பாசம், அது அறுபட வேண்டியது என்றார். அப்படியானால் 15க்கும் 16க்கும் யாரைக் கேட்பது என்றேன். நோயாளியைத்தான், வேறு யாரை என்றார். நோயாளி கையெழுத்துப் போடுமுன் தன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டின பிறகுதான் பேனாவை வாங்கினான் என்றேன்.