தாளத்தின் தாமதம்

இலங்கையில் 2020 மார்ச் நடுப்பகுதியில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கணிதமும் வரலாறும் தொலைக்காட்சிக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் ஒருவாறு இடம்பெயர்ந்தன, ஆனால் க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர் தரத்திலும் கற்பிக்கப்படும் 'நாடகமும் அரங்கியலும்' என்னும் பாடத்தில் ஏட்டில் எழுதக்கூடியவை மட்டுமே திரைக்கு வந்தன, உடலால் பழகவேண்டியவை வெளியே நின்றுவிட்டன.

அவ்வாறு நின்றுபோனது எதுவென்பதை, கந்தப்பளை உள்ளிட்ட மலையகத் தேயிலைத் தோட்டங்களின் அரங்க மரபான காமன் கூத்தை வைத்து விளங்கிக்கொள்ளலாம். மாசி மாதத்தில் காமன் கம்பம் நடப்பட்டு, மன்மதன் சிவனின் நெற்றிக்கண்ணால் எரிவதும் ரதி புலம்புவதும் பல இரவுகள் ஆடப்படும் இக்கூத்தில், ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்த பறை வகையான தப்பை அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்தே அடியை இறுக்குகிறார். ஆடுபவரும் அந்த அடியைக் கேட்டே அடுத்த காலை வைக்கிறார்.

பத்து மீற்றர் தொலைவில் நிற்பவரை ஒலி சென்றடைய ஏறத்தாழ 30 மில்லிசெக்கன் ஆகிறது, அதாவது ஒரு செக்கனின் ஆயிரத்தில் முப்பது பங்கு. கூடி இசைப்பவர்களுக்கு அதற்கு மேற்பட்ட தாமதமே இடையூறாகிவிடும். இணையவழி அழைப்பிலோ தாமதம் பலவேளைகளில் இதைவிடப் பலமடங்காக இருப்பதோடு, பேச்சை மட்டும் தெளிவாக்க அமைக்கப்பட்ட சத்தக் குறைப்பு வசதி தப்பின் ஒலியையே இரைச்சலென்று கருதி விழுங்கிவிடுவதும் உண்டு. (பறையை இரைச்சல் என்று ஒதுக்கியதில் இயந்திரம் முன்னோடியல்ல.) ஆகவே தாளத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து அனுப்பி, மாணவர் அதற்கு ஆடியதை ஒளிப்பதிவாகத் திரும்பப் பெறுவது இத்தகைய கற்பித்தலுக்கு எளிதில் கிடைக்கும் மாற்றுவழியாகும். இதிலும் பயனுண்டு: விளங்காத அடவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஆயினும் பதிவு செய்யப்பட்ட தப்பு ஆடுபவரைப் பார்ப்பதில்லை. மாணவர் தாளத்துக்குக் கீழ்ப்படியக் கற்கிறாரேயன்றி அதனோடு பேசக் கற்பதில்லை.

தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில், பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவான அறையில், பெற்றோர் தேயிலை மலையில் வேலை முடித்துத் திரும்பிய பின்னரே கைக்கு எட்டும் ஒற்றைக் கைத்தொலைபேசியின் முன், முழுச்சுற்று ஆட இடமில்லை என்பதும் சேர்த்துப் பார்க்கவேண்டியது.

இவ்விடர்களை எல்லாம் அறிந்த பின்னும், ஆசிரியர் பற்றாக்குறை நீடிக்கும் தோட்டப் பாடசாலைகளுக்கு, செலவு குறைவு என்ற ஒரே காரணத்தால் தொலைவழி அரங்கக் கல்வியை நிரந்தர ஏற்பாடாக்குவது ஏற்கத்தக்கதன்று. கதை, அரங்க வரலாறு, பாடல் மனனம் ஆகியவற்றைத் திரைக்கு விட்டு, ஆசிரியர் நேரில் வரக்கூடிய சில நாட்களை ஆட்டத்துக்கும் தப்புக்கும் மட்டுமே ஒதுக்குவதுதான் முறையான பங்கீடு. அந்த நாட்களில் தோட்டத்துக் கூத்துக்காரரையும் வகுப்புக்கு அழைக்கலாம், அவர் கற்பித்தற் சான்றிதழ் இல்லாதவராயினும்.